சஷ்டியில் பார்த்த வீடு

கடற்கரையில் எங்களுக்கு வீடு இருக்கிறது என்று சொன்னால் திருத்தணியில் மரியாதையே தனி. பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை, "காத்து சும்மா பிச்சிகினு போவும் இல்லீங்க?" என்று கேட்பார்கள். மலையையும் மாந்தோப்பையும் பார்த்தே வளர்ந்த ஊர். கடல் என்றால் இவர்களுக்கு எப்போதாவது போய்க் காலை நனைத்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வரும் இடம். அதன் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள் நான். யாராவது காற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்தார். பழவேற்காட்டுக்குப் போகும் வழியில், மீனவர் குப்பத்தை ஒட்டி மனை மலிவாக வருகிறது என்று யாரோ சொல்ல, வாங்கிப் போட்டுக் கட்டினோம். கட்டும்போது கடல் எங்கேயோ இருந்தது. சாயங்காலம் டிபன் பாக்ஸில் உப்புமா எடுத்துக்கொண்டு அதைத் தேடிக்கொண்டு போவோம். பிறகு துறைமுகத்துக்காக எங்கோ கல்லைக் கொட்டினார்கள், எங்கோ மணலை வாரினார்கள், அது எங்களைத் தேடிக்கொண்டு வர ஆரம்பித்தது. எங்களுக்கு முன்னால் மூன்று வரிசை வீடுகள் இருந்தன. இப்போது ஒரு வரிசைதான் பாக்கி.

கடல் வீட்டுக்குள் வருவதென்றால் முன்வாசல் வழியாக அலையோடு வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அது கக்கூஸ் வழியாக வந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்கி ஓதம் ஏறும். மண்ணுக்கடியில் தண்ணீர் உயர்ந்து செப்டிக் டேங்கை நிறைத்துவிடும். உள்ளே போனதெல்லாம் போன வழியே மேலே வரும். கோப்பை நிரம்பி, தரையில் வழிந்து, சமையலறைப் படிவரை வந்து நிற்கும். அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் கோப்பையின் மேல் பலகை போட்டு, அதன்மேல் மணல் மூட்டையை ஏற்றி வைப்பார். அதையும் மீறிக் கசியும். பினாயில் ஊற்றித் தேய்த்துவிட்டு வந்து சோறு வடித்தால் சோற்றிலும் அந்த வாடை. கையில், புடவையில், தலைமுடியில், எங்கும் அந்த வாடை. ஊருக்கெல்லாம் அமாவாசை என்றால் செத்துப்போனவர்கள் நினைப்பு வரும், எனக்குத் துடைப்பத்தின் நினைப்புதான் வரும்.

அவர் ரிட்டையர் ஆனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கே.ஜி.கண்டிகைப் பக்கம் அப்பா நிலத்தில் எனக்கு வந்த பங்கை விற்று, திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். தரை எப்போதும் காய்ந்திருக்கும். அதில் வெறுங்காலோடு நடப்பதே எனக்குப் பெரிய சுகமாக இருந்தது. கடற்கரை வீட்டை விற்றுத் தலைமுழுகிவிட வேண்டும் என்று அப்போதே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வீட்டை வாங்குவதற்குத்தான் செருப்புத் தேய நடக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். விற்பதற்கு இன்னும் அதிகம். வில்லங்கச் சான்று, பட்டா, பாக்கியில்லாத வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், மூல பத்திரத்தின் நகல். ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு ஆள் மேலே ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். "பாத்து செய்ங்கம்மா" என்பான். பார்த்துச் செய்தால்தான் அவன் தலை கீழே இறங்கும். ஒருவன் பணத்தை வாங்கிய கையாலேயே மேஜைமேல் இருந்த சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கு அவன் மேஜையில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. கடைசியில் வில்லங்கம் ஏதும் இல்லை என்று முத்திரை குத்திய காகிதம் கைக்கு வந்தது. கடனும் அடமானமும் மட்டும்தான் அதில் வரும், கடலைப் பற்றி அதில் எழுத இடமே இல்லை.

கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். அவரிடம் போனேன். புரோக்கர் கமிஷன், விற்ற லாபத்துக்குக் கட்ட வேண்டிய வரி, பத்திரச் செலவில் எது யார் தலையில் விழும் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். பேங்கில் கடன் வாங்கி இந்த வீட்டை யாரும் வாங்க முடியாது, புதிதாகக் கட்டக் கூடாது என்று அரசாங்கம் குறித்துவைத்த கடலோர எல்லைக்குள் இருப்பதால் பேங்க்காரன் தொட மாட்டான், கையில் ரொக்கம் வைத்திருப்பவன்தான் வர வேண்டும் என்றார். பிறகு நான் கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார்.

"வாங்கறவங்க சாதாரணமா பாத்தா தெரியாத கொற ஏதாவது இருந்து, அது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, நீங்களே சொல்லிடணும்ங்க. சட்டம் அது. சொல்லாம வித்தீங்கன்னா நாளைக்கு கேஸ் போடலாம்."

கக்கூஸ் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்கைச் சுளித்தார். "அதச் சொல்லியே ஆவணும்" என்றார். வீடு கடலோர எல்லைக்குள் இருக்கிறது, இடிந்து விழுந்தால் அனுமதியில்லாமல் திரும்பக் கட்ட முடியாது, அனுமதி கிடைக்குமா என்பதும் சந்தேகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்றார்.

"எல்லாரும் சொல்லித்தான் விக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"இத்தன வருஷத்துல ஒருத்தரயும் நான் பாக்கலீங்க" என்றார்.

விற்றுக்கொடுக்கும் வேலையை என் அக்கா வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவரை நாங்கள் பாவா என்றுதான் கூப்பிடுவோம். கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மனை, வீடு, தோப்பு எது கைமாறினாலும் நடுவில் நிற்பார். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் போன், வாயில் எப்போதும் முருகா. என் வயது அறுபதைத் தொட்டுவிட்டது, இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். சொந்தக்காரன் என்பதால் எங்களிடம் கமிஷன் வேண்டாம் என்றார். பிறகு, "ஏதோ நீயா பாத்து குடுக்கறத குடு" என்றார். வாங்குகிற பக்கம் தனியாகப் பேசிக்கொண்டார்.

அவர் பிடித்து வந்தது பொதட்டூர்பேட்டையைச் சேர்ந்த ஒரு தறிக்காரக் குடும்பம். புருஷன், பெண்சாதி, ஒரே பையன். பையனுக்குத் துறைமுகத்துப் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை. தனியாக ரூம் எடுத்து ஓட்டலில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான். அவனோடு போய் இருந்துவிடலாம் என்று இவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதற்காகத் தறி ஓடுகிற வீட்டையும், தறிகளையும் விற்கப் போகிறார்கள். அந்த வீட்டை விட்டால் அவர்களுக்கு வேறு ஒன்றுமில்லை என்று பாவாவே சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. அலைய விடாத பார்ட்டி, ஒரே கையில் பணம் வரும் என்பதற்காக.

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்கப் போவதென்றால் வளர்பிறை சஷ்டியில் போவார்கள். முருகனுக்கு உகந்த நாள். அஷ்டமியில் பார்க்க மாட்டார்கள், நவமியில் பார்க்க மாட்டார்கள், அமாவாசைக்குப் பார்க்கலாம் என்று சொன்னாலும் சஷ்டியைத்தான் கேட்பார்கள். மலை ஊருக்கு அந்தக் கணக்கு சரி. கடலுக்கு வேறு கணக்கு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில், சஷ்டியை ஒட்டித்தான் ஓதம் குறைந்து கடல் அடங்கியிருக்கும். அன்றைக்கு எங்கள் வீட்டுக் கக்கூஸ் ஆஸ்பத்திரி கக்கூஸை விடச் சுத்தமாக இருக்கும். பாவாவுக்கு இது தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, ஒரு பௌர்ணமியன்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தவர்தான் அவர்.

தை மாதச் சஷ்டியில் வேன் வைத்துக்கொண்டு போனோம். கதவு திறந்து காட்ட நானும் போக வேண்டியிருந்தது. வீட்டின் முன்பக்கம் போய் நின்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலோர எல்லையை அளந்தவர்கள் தெருப்பக்கத்துச் சுவரில் சிவப்பு பெயிண்டில் அம்புக்குறி போட்டு எண் எழுதியிருந்தார்கள். இப்போது அந்த இடம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"பொங்கலுக்கு ஆள் வுட்டு வெள்ள அடிச்சேன் பாப்பா. வூடு லட்சணமா இருக்கட்டுமேன்னு" என்றார் பாவா. செலவையும் எங்கள் கணக்கில் எழுதியிருந்தார்.

தறிக்காரர் நேராகக் கிணற்றடிக்குப் போனார். இதுவும் எங்கள் ஊர்ப் பழக்கம்தான். தண்ணீர் வாய்க்கு நன்றாக இருந்தால் வீடு நல்ல வீடு. ஒரு வாளி இறைத்து, கையால் அள்ளிக் குடித்து, பெண்சாதிக்கும் கொடுத்தார். மழைக்காலம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை, தண்ணீர் கல்கண்டாக இருந்தது. பங்குனி பிறந்தால் அதில் புடவை அலசினாலும் வெளுத்துப் போகும்.

"மாடு கூட தொடாது இத, கோடையில" என்று ஆரம்பித்தேன். பாவா சத்தமாகச் சிரித்தார். "மாடு வெச்சிகினு இருந்தவங்க, அவங்களுக்கு எல்லாம் மாடு நெனப்புதான்" என்று அவர்களைக் கக்கூஸுக்கு அழைத்துப் போய், ஃபிளஷ்ஷை இழுத்துக் காட்டினார். தண்ணீர் சுழன்று போனது. "பாத்துக்கோங்க" என்றார். நாங்கள் மாடே வைத்திருந்ததில்லை.

அந்தப் பெண் மொட்டைமாடியில் போய் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி. காதில் கையை வைத்து வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தறி சத்தமே இல்லாம காது ஙொய்ன்னுதுக்கா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் இருந்தவள். எங்கே துணி காயப் போடலாம், எங்கே பையனுக்குக் கட்டில் போடலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் பதில் சொல்லச் சொல்ல எனக்கு நாக்கில் கசந்தது. தனியாக ரெண்டு வார்த்தை பேசலாம் என்று பார்த்தேன். பாவா படியில் நின்றுகொண்டு நகரவே இல்லை.

திரும்பி வரும்போது கனகம்மாசத்திரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். தறிக்காரரும் அவர் மனைவியும் பஜ்ஜி வாங்கப் போன சமயம் பார்த்து பாவாவிடம் சொன்னேன்.

"பாவா, இவங்க கிட்ட எல்லாத்தையும் சொல்லிடணும். அக்ரிமெண்ட்லயே எழுதிடணும். வக்கீலம்மா சொல்லியிருக்காங்க."

"இன்னா எழுதணும்? கக்கூஸ் ரொம்பி வழியுதுன்னு முத்திரத் தாள்ல எழுதணுமா? சப் ரிஜிஸ்தர் சிரிக்க மாட்டாரு?"

"அவுங்க இருக்கற வூட்ட வித்துட்டு வராங்க."

"வரட்டுமே. நாமளா கழுத்துல கத்தி வெச்சி கூட்டிகினு வந்தோம்? கிணத்துத் தண்ணி குடிச்சி பாத்தாங்க, கக்கூஸ் பாத்தாங்க. இதுக்கு மேல இன்னா பண்றது?" டீயை உறிஞ்சிவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். "நீ வாயத் தெறக்காத பாப்பா. கிருத்திகைக்கு மலையில வெச்சி அட்வான்ஸ். முருகன் பாத்துக்குவான்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மலையில் வைத்து அட்வான்ஸ் கொடுப்பது என்பது எங்கள் ஊரில் சும்மா ஒரு சடங்கு இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பணம் வைத்து, சன்னிதிக்கு எதிரில் நின்று கைமாற்றுவார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். பட்டா எங்கே, அளவு சரியா என்று கேட்டால் முருகனையே சந்தேகப்பட்ட மாதிரி. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டவன் குடும்பம் விளங்காது என்று ஒரு பயம் வேறு. வாங்குகிறவன் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பாவா நடுவில் நின்ற வியாபாரம் எல்லாமே மலையில் முடிந்ததுதான். சாமியையும் கமிஷன் ஆளாகச் சேர்த்துக்கொண்ட மனுஷன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் அமைதியானவர், எறும்பை மிதிக்க யோசிக்கிறவர். அவர் என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன். மணல் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவர் அவர்தானே. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நாம இருக்கலியா அந்த வூட்ல? அவங்களும் பழகிப்பாங்க."

இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி வாழ்ந்திருக்கிறோம். அந்த ஒரு பேச்சில் அவர் பக்கத்தில் உட்காரவே எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். பாவா பணத்துக்காகப் பொய் சொல்கிறார், அது எனக்குப் புரிந்தது. இவர் யாரையும் ஏமாற்றுவதாகவே நினைக்கவில்லை. நாம் பட்டதை இன்னொருவர் படுவதில் என்ன தப்பு என்று நினைக்கிறார். இதற்கு நான் என்ன மருந்து போடுவது?

கிருத்திகையன்று மலை நிரம்பி வழிந்தது. ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது, மீதி நடந்தோம். மொட்டை அடித்த முடி ஈரத்தோடு காலில் ஒட்டியது. உடைத்த தேங்காய்த் தண்ணீரும் அபிஷேகப் பாலும் மிதிபட்டுப் புளித்த வாடை. குரங்கு ஒன்று ஒரு பாட்டியம்மாவின் கையிலிருந்து பழப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓட, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரங்காவது எல்லோர் கண்ணெதிரில் பிடுங்கியது.

தரிசனம் முடிந்து கொடிமரத்துப் பக்கம் கொஞ்சம் இடம் பார்த்து நின்றோம். தறிக்காரர் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார். அவர் மனைவி தட்டில் வெற்றிலையைப் பரப்பி, அதன்மேல் மஞ்சள் துணியில் முடிந்த பணத்தை வைத்தாள். பாவா கண்ணை மூடி, முருகா முருகா என்று முணுமுணுத்துவிட்டு, "வாங்கிக்கோ சகலை" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கை நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"இருங்க. நான் சொல்லி முடிச்சப்புறம் குடுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அமாவாசை பௌர்ணமிக்கு என்ன நடக்கும் என்பதை, கோப்பையிலிருந்து என்ன மேலே வரும் என்பதை, சன்னிதி எதிரில் என்றுகூடப் பார்க்காமல் உள்ளது உள்ளபடி சொன்னேன். கிணறு கோடையில் எப்படி ஆகும் என்று சொன்னேன். வெள்ளையடித்த சுவரில் என்ன எழுதியிருந்தது, வீடு விழுந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். பக்கத்தில் நின்று கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தறிக்காரர் பாவாவைப் பார்த்தார். பாவாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"வேற பார்ட்டி மாட்டிகினான் போல இவங்களுக்கு. ஜாஸ்தி வெலைக்கு. அதுக்குத்தான் இந்த நாடகம்."

"அப்படி இல்லீங்க" என்றேன் தறிக்காரரிடம்.

அவர் தட்டை மனைவி கையிலிருந்து வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். "தன் பொருள தானே கொற சொல்லி விக்கிறவங்கள நான் பாத்ததில்லீங்கம்மா. ஒரு லுங்கிய கூட சாயம் போவும்னு சொல்லி எவனும் விக்க மாட்டான். குடுக்க இஷ்டம் இல்லன்னா வூட்லயே சொல்லியிருக்கலாம். மலை மேல ஏத்தி அவமானப்படுத்தணுமா?"

அவர் மனைவி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, நெசத்த சொல்லுங்க. அந்த வூட்ல யாருனா தூக்கு கீக்கு மாட்டிகினாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கக்கூஸ்தாம்மா. நான் சொன்னதுதான் நெசம்."

அவள் நம்பவில்லை. பேய் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே நம்பி, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பாள். அவர்கள் கூட்டத்தில் இறங்கிப் போனார்கள். பாவா என்னைப் பார்த்துத் தரையில் துப்பினார். கோயிலுக்குள் துப்பிவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது, காலால் தேய்த்துவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடினார்.

வீடு விற்கவில்லை. என் வீட்டுக்காரர் வாரக்கணக்கில் என்னோடு பேசவில்லை. அக்கா போன் செய்து என்னைத் திட்டினாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஒரு குடும்பம் தப்பித்தது, போதும் என்றுதான் இருந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்தப் பெண் தட்டோடு இறங்கி வந்தாள். தட்டில் பூ, பழம், ஒரு ரவிக்கைத் துணி. அவள் புருஷன் ஆட்டோக்காரரோடு பேரம் பேசிக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

"எங்க மேல வருத்தம் வெச்சிக்காதீங்கக்கா. அன்னிக்கு அவரு ஏதோ பேசிட்டாரு" என்று தட்டை நீட்டினாள். "அந்த ஊர்லயே வூடு அமைஞ்சிடுச்சி. திங்கக்கெழம பத்திரம். சாட்சி கையெழுத்துக்கு ஒருத்தர் நம்ம பையன் கூட வேல செய்யறவரு. இன்னொருத்தர் வேணும். அந்தப் பக்கம் எங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சி நீங்கதாங்கக்கா."

எந்த வீடு என்று கேட்டேன். சொன்னாள். எங்கள் வீட்டுக்கு எதிரில், முன் வரிசையில், மூலை வீடு. கடலுக்கு இன்னும் கிட்ட. அந்த வீட்டின் பின்பக்கச் சுவரைக் கடல் ஒருமுறை தூக்கிக்கொண்டு போய், சொந்தக்காரர் சத்தமில்லாமல் திரும்பக் கட்டினார். வாசலில் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். பாவாதான் பேசி முடித்திருக்கிறார். தைப்பூசத்துக்கு முன்னாலேயே மலையில் வைத்து அட்வான்ஸ் கைமாறிவிட்டது. விற்கிறவர் சென்னையில் இருக்கிறார், ரொம்ப நல்ல மனுஷராம், வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம்.

எனக்குத் தட்டைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. "உனக்கு மூள இருக்குதாம்மா? அதே தெரு, அதே மண்ணு. எங்க வூட்டயாவது தண்ணி கீழ இருந்துதான் தொடுது. அத கடலே வந்து இடிச்சிட்டு போச்சி. நான் தொண்டத் தண்ணி வத்த மலையில கத்தினது எதுக்கு? இப்பவே போய் நிறுத்து. உன் வூட்டுக்காரர கூப்புடு, நானே சொல்றேன்" என்று வாசலை நோக்கி நடந்தேன்.

அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்க்கா" என்றாள். "போன அமாவாசைக்கு பையன பாக்க நான் மட்டும் போயிருந்தேன். நாங்க வாங்கற வூட்ட ஒருவாட்டி பாத்துட்டு வரலாம்னு போனேன். பூட்டியிருந்துது. ஜன்னல் கிட்ட மூஞ்ச வெச்சதுமே தெரிஞ்சிடுச்சி. நீங்க சொன்ன அதே வாடை."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"தறிய எல்லாம் வித்தாச்சி. வூட்டுக்கும் அட்வான்ஸ் வாங்கி பாதிய இதுல போட்டாச்சி. மலையில வெச்சி குடுத்தத கேட்டா திருப்பி தருவாங்களா?" சத்தம் வெளியே போய்விடாதபடி பேசினாள். "அவரு தெனம் ராத்திரி அந்த வூட்டப் பத்தியே பேசறாரு. அங்க போய் இன்னா பண்றது, இங்க இன்னா வெக்கறதுன்னு. கல்யாணம் ஆனதுல இருந்து அவரு இவ்ளோ பேசி நான் பாத்ததில்லக்கா. போய் ஒரு வாரமாவது நல்லா இருக்கட்டும். அப்புறம் அவருக்கே தெரிஞ்சிரும். நீங்க சொல்லிடாதீங்க."

அப்போது அவர் உள்ளே வந்தார். புதுச் சட்டை. ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய் குறைத்துவிட்ட மகிழ்ச்சி முகத்தில் இருந்தது. என்னைப் பார்த்து, மலையில் நடந்ததையெல்லாம் மறந்துவிட்ட மாதிரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னாங்கம்மா, திங்கக்கெழம வருவீங்க இல்ல? ஆதார் கார்டு எடுத்துக்கோங்க. வெள்ளன கெளம்பினா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். அப்படியே வூட்ட ஒருவாட்டி பாத்துட்டு, நல்லா இருக்குதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

அவள் என் முந்தானையை இன்னும் விடவில்லை. அவள் இன்னொரு கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன். சிரித்த முகமாக, "ஆங், வரேங்க" என்றேன்.